வால்டெமார் ஹாப்கின் வரலாறு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே நெல்வயல் சூழ விளங்குவது திருப்பனந்தாள். ஆங்குச் சாய்ந்திருந்த சிவலிங்கத்தை நிமிர்த்த வேந்தனுடைய யானைகள் முயன்றும் இயலாதொழிய, குங்கிலியக்கலய நாயனார் கயிற்றைத் தம் கழுத்திலே பூட்டி இழுத்தனர் என்றும், அதன்பின்னரே அது நிமிர்ந்தது என்றும் பெரியபுராணம் கூறும். பெருஞ்செயல் ஒன்றை மேற்கொள்வோன் அதன் வருத்தத்தைத் தன்னுடம்பில் முதலில் ஏற்றல் வேண்டும் என்னும் கருத்து, இக்கதையைக் கேட்டு வளர்ந்த சோணாட்டார்க்குப் புதியதன்று. அக்கருத்திற்கு மருத்துவ உலகிலே இலக்கியமாய் நின்றவர் வால்டெமார் மொர்தெகாய் ஹாப்கின் என்னும் அறிஞர்.

அவரை இன்று நினைத்தற்கு ஒரு காரணம் உண்டு. இன்புளுயன்ஸா ஜுரத்திற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் பலர், அன்றிரவே கையில் வலியும் வீக்கமும், உடம்பில் அலுப்பும், தலைவலியும், சிலபோது சிறு ஜுரமும் காண்கின்றனர். ஜுரம் வாராதிருத்தற்குப் போட்ட ஊசியே ஜுரத்தைத் தருவதேன் என்று அவர்கள் ஐயுறுகின்றனர். நாற்று நடும் பெண்ணுக்கும் அறுப்பறுக்கும் ஆளுக்கும் இது வெறும் ஐயம் அன்று; கைவலியோடு கழியும் ஒரு நாள், ஒரு நாட் கூலியின் இழப்பேயாம். இவ்வையத்திற்கு நூற்றாண்டின் முன்னரே தம் உடம்பைக்கொண்டு விடை கூறியவர் ஹாப்கின். ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பிறப்பும் கல்வியும்

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள், கருங்கடற்கரையிலுள்ள ஒதெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அன்று அந்நகரம் ருஷியப் பேரரசிற்கு உட்பட்டது; இன்று உக்ரேன் நாட்டைச் சேர்ந்தது. ஆங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் பயின்றார். அவருக்கு வாய்த்த ஆசிரியர், பிற்காலத்தில் 1908-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்ற மெச்னிகாவ் என்பவர். உடம்பினுட் புகும் நோய்க்கிருமிகளை இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன என்பதைக் கண்டவர் அவரே. உடம்பு நோய்க்கு இரையாகும் வெறும் மண்பாண்டம் அன்று, படையுடைய அரண் என்னும் கொள்கையை மாணவர் ஆசிரியர்பாற் கற்றனர் எனலாம்.

கல்வியிற் சிறந்தும் ஹாப்கினுக்குத் தம் நாட்டிலே பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அவர் யூதராயிருந்ததே அதற்குக் காரணம். ருஷியத் திருச்சபையிற் சேர்ந்தால் தடை நீங்கும் என்ற நிலை இருந்தது. தம் சமயத்தைப் பதவிக்கு விலையாகக் கொடுக்க அவர் ஒருப்படவில்லை. உள்ளத்தில் எழாத மாற்றத்தை ஊதியத்திற்காக மேற்கொள்ளுதல் எச்சமயத்தார்க்கும் இழுக்காதலின், கிறிஸ்தவராகிய நாமும் அவருடைய மறுப்பைப் போற்றுதல் தகும். ஒதெஸ்ஸா விலங்கியற் காட்சிச்சாலையிற் சிறு பணியொன்றிலிருந்த அவர், 1888-இல் நாடு நீங்கி ஜெனீவா சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். ஆசிரியர் மெச்னிகாவ் அங்கேதான் இருந்தனர். ஆயினும் முதலில் அவருக்குக் கிடைத்தது நூல்நிலைய உதவியாளர் வேலையே. பகலிற் புத்தகங்களைப் பேணியும், ஓய்ந்த வேளைகளில் ஆராய்ச்சிச்சாலையில் உழைத்தும் அவர் காலங் கழித்தார்.

தம்முடம்பிற் செய்த சோதனை

அக்காலத்தில் உலகை நடுங்கச் செய்த நோய் காலரா என்னும் விஷபேதி. காவிரிக் கழிமுகத்தை அந்நோயின் நிலைத்த இருப்பிடங்களுள் ஒன்றாக மருத்துவர் எண்ணியதுண்டு. அதன் கிருமியை ஜெர்மானிய அறிஞர் காக் 1884-இற் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டு ஸ்பெயின் நாட்டிற் பெர்ரான் என்பவர் அதற்கு ஊசி மருந்து செய்து பலர்க்குப் போட்டார். ஆனால் அவர் முறையை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஹாப்கின் வேறு வழியை நாடினார். கிருமியைக் கினிப்பன்றிகளின் வயிற்றகத்தே ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, அதன் வலிமையை மிகுவித்து ஒரு நிலையில் நிறுத்தினார். மற்றொரு வகையை வெப்பத்திற் காற்றோட்டத்தோடு வளர்த்து மெலிவித்தார். மெலிந்ததை முதலிலும் வலியதைப் பின்னரும் ஊசியாற் செலுத்தினால் விலங்குகள் நோய்க்குத் தப்பின.

விலங்கிற்கு நன்மை செய்வது மனிதனுக்குத் தீமை செய்யாதென்பதற்கு உறுதி என்னை? அதனை அறிதற்கு அவர் தெரிந்துகொண்ட உடம்பு தம்முடையதே. 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். ஜுரமும் தலைவலியும் ஊசி பட்ட இடத்தில் வலியும் வீக்கமும் தோன்றின. ஆறாம் நாள் வலிய மருந்தையும் ஏற்றார். மீண்டும் அவ்வாறே நிகழ்ந்து தணிந்தது. பின்னர் நண்பர் சிலர்க்குப் போட்டு, அம்மாதம் 30-ஆம் நாள் பாரிஸ் உயிரியற் சங்கத்திற்கு அறிக்கை தந்தார். ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்று. தம் மருந்து துன்பமே தாராது என்று அவர் கூறினாரல்லர். இன்ன துன்பம் வரும், அது இவ்வளவிற்கு அடங்கும் என்று அளந்து கூறினார்.

இந்தியாவிற் பணி

ருஷியாவிற் காலரா பரவியிருந்தும் அந்நாடு அவர் மருந்தை வேண்டவில்லை. பாரிஸில் ஆங்கிலத் தூதராயிருந்தவரும் முன்னர் இந்தியாவின் வைசிராயாயிருந்தவருமான டப்ரின் பிரபுவின் உதவியால், 1893 மார்ச்சில் ஹாப்கின் கல்கத்தாவிற்கு வந்தார். ஏப்பிரல் மாதத்தில் ஆக்ராவில் ஊசிப்பணி தொடங்கிற்று. 1895 வரை வட இந்தியாவிலும் வங்காளத்திலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் 40,000-க்கு மேற்பட்டோர் ஊசி பெற்றனர். யாவரும் தம் விருப்பினால் வந்தோரே.

1894-இற் கல்கத்தாவில் கட்டல் பாகான் என்னும் சேரியிற் காலரா புகுந்தது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் நோய் பற்றியது ஊசி பெறாதவர்களையே என்பது கண்டு நகரத்தார் வியந்தனர். அவருக்குத் துணைநின்ற இந்திய மருத்துவர்களும் சிறப்பிற்குரியர். ஓரிடத்திற் கூட்டத்தார் கல்லெறிந்தபோது, மருத்துவர் ஒருவரைக் கொண்டு எல்லோரும் காணத் தமக்கே ஊசி போடுவித்துக்கொண்டு ஹாப்கின் அவர்கள் அச்சத்தைத் தணித்தனர் என்று சொல்லப்படுகிறது. இடையறாது உழைத்த அவரை அஸ்ஸாமில் மலேரியா பற்றியது. 1895-இல் ஐரோப்பா சென்று உடல் தேறி, மறு ஆண்டு மீண்டும் வந்தார்.

பிளேக் என்னும் கொள்ளைநோய்

1896-இற் பம்பாயிற் பிளேக் தோன்றியது. அரசாங்கத்தார் வீடுகளிற் புகுந்து சோதித்தும், நோயுற்றோரைப் பிரித்துக் கொண்டுபோயும் கடுமை காட்டினர். மக்கள் நோயினும் அதிகாரிகளை மிகுதியாக அஞ்சினர். அக்டோபர் மாதம் ஹாப்கின் அங்கு அனுப்பப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிற்றறையும் தாழ்வாரமும், ஓர் எழுத்தரும் மூன்று சேவகருமே அவர்க்குக் கிடைத்தனர். மூன்று திங்களில் மருந்து முடிந்தது.

இம்மருந்து முன்னையதினும் வேறானது. இறைச்சிச் சாற்றிற் கிருமியை வளர்த்து, சூடேற்றிக் கொன்று, அவ்வாறு இறந்த கிருமிகளையே ஊசியாகச் செலுத்தினார். சாற்றின் மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டால் அவற்றின் அடியினின்றும் கிருமிக்கூட்டம் விழுதுபோல் இறங்கி வளர்வதைக் கண்டு, நம் நாட்டு நெய்யையே பயன்படுத்தினார். இந்துக்களும் முஸ்லீம்களும் வெறுக்காவண்ணம் ஆட்டிறைச்சிச் சாற்றைக் கொண்டார்.

1897 ஜனவரி 10-ஆம் நாள், பிறர்க்குப் பின்னர் வழங்கிய அளவினும் மும்மடங்கிற்கு மேற்பட்ட அளவைத் தமக்குப் போடுவித்துக்கொண்டார். கடும் ஜுரமும் பொறுத்தற்கரிய வலியும் உண்டாயின; ஆயினும் அன்று தம் கடமைகளை ஒழியாது செய்தார் என்பர். அம்மாத இறுதியிற் பைகுல்லாச் சிறையிற் பிளேக் புகுந்தது. கைதிகளுள் விரும்பியவர் மட்டும் ஊசி பெற்றனர். போட்ட அன்றே நோய் வெளிப்பட்டோரை நீக்கிக் காண, ஊசி பெற்ற 147 பேருள் இருவர்க்கே நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை. ஊசி பெறாத 172 பேருள் பன்னிருவர்க்கு நோய் கண்டு, அவருள் அறுவர் மாண்டனர்.

மூன்றாம் ஆகாகான் பலரறியத் தாமே ஊசி போட்டுக்கொண்டு தம் சமூகத்தார்க்கு வழிகாட்டினார். ஆராய்ச்சிக்கு மாளிகையும் அளித்தார். 1899 ஆகஸ்டில் பரேலிலுள்ள பழைய அரசாங்க மாளிகைக்கு ஆராய்ச்சிச்சாலை மாற்றப்பட்டது.

வந்த பழியும் நீங்கிய வகையும்

புகழின் உச்சியிலே துன்பம் வந்தது. 1902 அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில், இன்று பாகிஸ்தானத்திலுள்ள முல்கோவால் என்னும் ஊரில் 107 பேர்க்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர், சில நாட்களில் தனுர்வாயு கண்டு ஒருவர் எஞ்சாமல் இறந்தனர். மற்றப் புட்டிகளினின்று பெற்றோர்க்கு யாதும் நேரவில்லை. அப்பத்தொன்பது குடும்பங்களின் துயரம் எவ்வாற்றானும் சிறிதென்று கூறத்தக்கதன்று.

விசாரணைக் குழுவினர் குற்றம் பரேல் ஆராய்ச்சிச்சாலையின்பாலது என்று கருதினர். மருந்தைக் கெடாமற் காக்கும் கார்பாலிக் திராவகத்தை ஹாப்கின் நீக்கியிருந்தமை அவர்க்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டது. அவர் பதவியினின்றும் விலக்கப்பட்டு, 1904-இல் இந்தியாவை விட்டு நீங்கினார். உண்மை பின்னரே தெளிவாயிற்று. அப்புட்டியைத் திறந்த உதவியாளனது கையினின்றும் இடுக்கி தரையில் விழுந்தது. அதனைச் செவ்வனே சுத்தி செய்யாமற் புட்டியின் தக்கையைத் திறந்தனன். தனுர்வாயுக் கிருமி மண்ணில் வாழ்வது. அது முன்னரே புட்டியினுள் வளர்ந்திருப்பின் திறந்தவுடன் தீநாற்றம் வீசியிருக்கும், அவ்வாறு வீசவில்லை. மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் பதின்மர் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஹாப்கினுக்காக முறையிட்டனர். அவ்வாண்டின் இறுதியிற் பழி நீங்கிற்று.

அவர் மீண்டும் கல்கத்தாவிற்கு வந்தார். ஆயினும் ஆராய்ச்சிக்கு முன்போல் உரிமை தரப்படவில்லை. ஐந்தாண்டு சுமந்த பழி அவர் வாழ்வின் நல்ல பகுதியைக் கவர்ந்துகொண்டது. சில ஆண்டுகளில் ஓய்வுபெற்று ஐரோப்பா திரும்பினார். 1925-இற் பரேல் நிலையத்திற்கு ஹாப்கின் நிலையம் என்று பெயரிடப்பட்டது. அதற்குள் அங்கிருந்து இரண்டு கோடிக்கு மேற்பட்ட அளவு பிளேக் மருந்து அனுப்பப்பட்டிருந்தது. 1930 அக்டோபரில் ஸ்விட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் அவர் உயிர் நீத்தார். மணஞ்செய்துகொள்ளாத அவர், தம் செல்வத்தை யூதச் சிறுவரின் கல்விக்கு எழுதிவைத்தார். 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வரலாறு கற்பிப்பது

இனி, தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு விடை காண்போம். இன்புளுயன்ஸாவிற்கு ஊசியாகப் போடும் மருந்திலும் உயிருள்ள கிருமி இல்லை. கொல்லப்பட்ட கிருமியோ அதன் கூறோதான் உண்டு. ஆதலின் அவ்வூசி அந்நோயைத் தரமாட்டாது. பகைவன் உருவத்தைக் கண்ட உடம்பு தன் படையைத் திரட்டிப் பழக்குகிறது. அப்பயிற்சியின் ஆரவாரமே கைவலியும் சிறு ஜுரமும். அவை பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஓய்வும் நீரும், வேண்டின் மருத்துவர் கூறும் பாரசிட்டமாலும் போதும். பாதுகாப்பு முற்றுவதற்கு இரு வாரம் செல்லும். அதற்குள் வேறு சளி ஜுரம் வரின் ஊசியின்மேற் பழி விழுகிறது. பைகுல்லாச் சிறையில் ஊசி போட்ட அன்றே நோய் வெளிப்பட்டோரை நினைப்பின், முன்பின் நிகழ்ந்தன எல்லாம் காரண காரியம் ஆகா என்பது விளங்கும்.

ஆனால் யாவற்றையும் சிறு வலியென்று தள்ளுதலும் தவறு. மிக அருமையாகச் சிலர்க்கு ஊசி போட்டவுடனே முகம் வீங்குதலும், உடம்பெங்கும் தடிப்பும், மூச்சுத் திணறலும் உண்டாகலாம். இதற்காகவே சிறிது நேரம் அங்கேயே இருத்தி அனுப்புகின்றனர். இக்குறிகள் தோன்றின் நொடியும் தாழாது மருத்துவரை நாடல் வேண்டும். முல்கோவாலிற் கொன்றது மருந்தன்று, ஓர் இடுக்கியின் அசுத்தம். இன்று ஒருவர்க்கு ஒரு புதிய ஊசி என்னும் வழக்கம், இத்தகைய துயரங்களினின்று உலகம் கற்ற பாடங்களுள் ஒன்று.

வலியே இராது என்று சொல்லி ஊசி போட்டால், வலி வந்த இரவில் நம்பிக்கை இறக்கும். அடுத்த ஆண்டு அவர் கையை நீட்டமாட்டார். இவ்வளவு வலிக்கும், இத்தனை நாளில் தீரும், நடவிற்குப் போகாத நாளை முன்னரே பார்த்துக்கொள்க என்று உண்மை கூறின், ஜுரம் வந்தபோதும் அவர் அஞ்சார். ஹாப்கின் செய்தது இதுவே: வலியை மறைத்தாரல்லர், தாமே முதலில் ஏற்று அளந்து சொன்னார். கல்வி கற்று ஊர் திரும்பும் மாணவர், திண்ணையிலும் வயல்வரப்பிலும் இவ்வையம் எழக் கேட்பின், தாம் முதலிற் கையை நீட்டிப் பின்னர் உண்மையை உரைப்பாராக. அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாம்.