ஒரு வெள்ளைப் புடவை, ஒரு கைத்தடி… கதாநாயகன் அவ்வைப் பாட்டியான கதை!

காஸ்பிளே, ஃபேன்ஸி டிரெஸ்னு வந்துட்டா உடனே ஆன்லைன்ல காஸ்ட்யூம் தேடுறீங்களா? ஒரு நிமிஷம்! வீட்டு பீரோவில் இருக்கும் துணியே போதும் என்று காட்டிய ஒருவரைத் தெரிஞ்சுக்கோங்க.

மண்டைக்காட்டிலிருந்து பஸ் ஏறினால் நாகர்கோவில். அங்கே அவ்வை சண்முகம் சாலை என்று ஒரு சாலை உண்டு. சென்னையிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் குழப்பமா இருக்குல்ல? அவ்வை பாட்டி, சண்முகம் ஆண். அந்தக் குழப்பம்தான் கதையே.

தி.க.சண்முகம் பிறந்தது 1912-ல். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை, மேடையில் பெண் வேடம் கட்டியவர். 1918-ல், ஆறு வயதிலேயே அண்ணன்களோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார் சண்முகம். நீங்கள் ஒண்ணாம் கிளாஸ் படித்த வயசு! அவர் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே சுவாமிகள் ஒரே இரவில் முழு நாடகத்தையும் எழுதித் தந்தார்.

1925-ல் சகோதரர்கள் நான்கு பேரும் சொந்தக் குழு தொடங்கினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்றால் ஊரே கூடும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வளர்ந்ததும் இந்தக் குழுவில்தான். 1935-ல் 'மேனகா' நாடகம் சினிமாவாக, அதிலும் எல்லோரும் நடித்தார்கள்.

அப்புறம்தான் அந்த ரிஸ்க். 1940-களில், முப்பது வயதை ஒட்டிய கதாநாயகன், தள்ளாத கிழவியாக மேடையேற முடிவெடுத்தார். யோசிச்சுப் பாருங்க. ராஜா வேடம் என்றால் கிரீடமும் சரிகையும் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இங்கே வெள்ளைப் புடவை, நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு தடி. மறைந்துகொள்ள எதுவுமே இல்லை. நடை கொஞ்சம் பிசகினாலும் கொட்டகையே சிரித்துவிடும். வருஷக்கணக்கில் சேர்த்த பெயரும் அதோடு போகும்.

யாரும் சிரிக்கவில்லை. கூன் விழுந்த முதுகிலும், நடுங்கும் குரலிலும் ஜனங்கள் அவ்வையையே பார்த்தார்கள். அந்த வேடம் அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

1962-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1971-ல் பத்மஸ்ரீ. 1972-ல் 'எனது நாடக வாழ்க்கை' நூல் வந்தது. மறு வருஷம் பிப்ரவரியில் மறைந்தார். சிறுவனாக அவர் குழுவில் பயின்ற கமல்ஹாசன், 1996-ல் மாமி வேடம் போட்ட படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. குருவுக்கு வைத்த வணக்கம் அது.

சரி, இப்போ உங்க டர்ன். அம்மாவின் பழைய வெளிர்நிறக் காட்டன் புடவை, இல்லையென்றால் தாத்தாவின் வேட்டி. தலைக்குப் பஞ்சு, நெற்றிக்குத் திருநீறு, கைக்கு ஒரு கம்பு. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் கண்ணாடி முன்னால் போஸ் கொடுப்பதற்கு முன், உங்க வீட்டுப் பாட்டி எப்படி உட்காருகிறார், எழும்போது எதைப் பிடிக்கிறார், படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். புடவையை யார் வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். பாட்டியாக மாறுவது அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.