வானசாஸ்திரி வைனு பாப்பு

செங்கத்துக்கு வடக்கே ஓங்கி நிற்கும் ஜவ்வாது மலைத்தொடரில் காவலூர் என்னும் சிற்றூர் உளது. பண்டு நன்னன் ஆண்ட நாட்டை அடுத்துள்ள அம்மலையூரின் பெயர் இன்று உலகத்து வானசாஸ்திரிகள் பலரும் அறிந்ததொன்றாம். அதற்குக் காரணராயிருந்த பெரியார் வைனு பாப்பு என்பவரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இவர் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவராதலின், இளமைதொட்டே விண்மீன்கள் இவருக்குப் பழக்கமாயின. உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையை அடைந்த இவர், 1949 ஜூலையில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். 1952-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெருங்கருவிகள் நிறைந்த அந்நாட்டிலேயே தங்கியிருத்தல் இவருக்கு எளிதாயிருந்தது. எனினும் தாய்நாடு மீண்டு, நைனிதாலில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கினார். 1960-இல் கோடைக்கானல் நிலையத்தின் தலைவரானார்.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களில் இவருக்கு மிக்க ஈடுபாடு உண்டு. சீபியஸ் மண்டலத்தில் இவர் ஆராய்ந்த ஓர் இணை 39 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பது. அதன் பாதை வட்டம். 1967-இல் உடன்பணியாளர் ஒருவரோடு ஆராய்ந்த காமா வெலோரம் என்னும் இணைக்கோ ஒரு சுற்றுக்கு 78 நாளுக்கு மேலாகும். அதன் பாதை நீள்வட்டம். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? சந்திரன் நம் கடலில் ஓதத்தை எழுப்புவதுபோல, அண்மையிலுள்ள விண்மீன்கள் ஒன்றன் உடலை மற்றொன்று இழுத்துப் புடைக்கச் செய்கின்றன. நீள்வட்டத்தில் செல்லுங்கால் அவை நெருங்குந்தோறும் புடைப்பு மிகும், விலகுந்தோறும் குறையும். இங்ஙனம் ஓயாது பிசையப்படுதலால் பாதையின் சக்தி வெப்பமாகிக் கழியும். சுழற்சியின் அளவோ குன்றாது. சுழற்சி மாறாதிருக்கச் சக்தி மிகக் குறைந்த பாதை வட்டமேயாதலின், நெருங்கிய இணைகள் விரைவில் வட்டத்தை எய்தும். அகன்ற இணைகளுக்கு நெடுங்காலம் வேண்டும். ஒரு கூட்டத்து விண்மீன்கள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. ஆதலால் எத்துணை அகன்ற இணைகள் வரை வட்டமாயின என்பது அக்கூட்டத்தின் வயதைக் காட்டும் கடிகாரமாகவும் உதவுகின்றது.

காமா வெலோரம் தென்வானத்தது. வடநாடுகள் பலவற்றினின்று அதனைக் காண்டல் அரிது. தென்வானம் நன்கு தோன்றும் இடத்தை நாடியே பாப்பு காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடியும், 1972-இல் 1 மீட்டர் கண்ணாடியும் அங்கு நிறுவப்பட்டன. பின்னர் 2.34 மீட்டர் கண்ணாடி ஒன்றை இந்நாட்டிலேயே செய்து முடிக்கத் துணிந்தார். அந்நிய நாட்டில் விலைக்கு வாங்குவதனினும் நம்மவர் கைகள் அத்தொழிலைக் கற்பதே இவர் கருத்தாகும்.

1979-இல் அனைத்துலக வானசாஸ்திர சங்கம் இவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்தது. ஆயின், வேலை முற்றுப்பெறுமுன் 1982 ஆகஸ்டு 19-ஆம் நாள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் தமது 55-ஆம் வயதில் காலமானார். 1986 ஜனவரியில் அக்கண்ணாடி இவர் பெயராலேயே திறந்துவைக்கப்பெற்றது. அதன்வழி வானத்தை ஒருமுறையேனும் காணும் பேறு இவருக்குக் கிட்டவில்லை.

மாணவ நண்பர்களே! தாம் காண்போமோ என்று எண்ணாது, பின்வருவோர் காண்பதற்கென்று உழைத்தவர் இவர். விடுமுறையில் ஜவ்வாது மலைப்பக்கம் செல்ல நேரின், இதனைச் சற்றே நினைவு கூர்வீராக.