காந்தியடிகளும் இதய நலமும்

முன்னுரை

செல்வங்களுள் சிறந்தது உடல்நலம். அதிலும், இரவு பகல் ஓயாது உழைக்கும் இதயத்தின் நலம் தலையாயது. அண்ணல் காந்தியடிகளை விடுதலைப் போரின் தலைவராக நாம் அறிவோம். இயற்கை மருத்துவத்தை அரை நூற்றாண்டுக் காலம் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர் என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு, துயரமும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடமாகும்.

தென்னாப்பிரிக்கச் சோதனைகள்

1869 அக்டோபர் 2-இல் போர்பந்தரில் பிறந்த அடிகள், வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே மலச்சிக்கலும் தலைவலியும் அவரை வாட்டின. ஜெர்மானியரான லூயி கூனேயின் இடுப்புக் குளியல் முறையையும், அடால்ஃப் ஜஸ்ட் கூறிய ஈரமண் பட்டியையும் மேற்கொண்டு குணம் கண்டார்.

கஸ்தூரிபாய் அன்னையார் நோயுற்றபோது, உப்பையும் பருப்பையும் விட்டுவிடுமாறு அடிகள் வேண்டினார். உம்மாலேயே அது முடியாது என அன்னையார் மறுத்தார். அந்தக் கணமே ஓராண்டுக்கு இரண்டையும் துறந்துவிட்டார் அடிகள்! மனைவியை மாற்ற எண்ணியவர் முதலில் தம்மை மாற்றிக்கொண்டார். மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதை மருத்துவ உலகம் இன்று ஐயமின்றி ஏற்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

நடையே மருந்து

நடையை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை. 1930-இல், அறுபது வயதில், சபர்மதியிலிருந்து தண்டி வரை ஏறத்தாழ 240 மைல் தொலைவை 24 நாட்களில் கடந்தார். தமக்கென உப்பைத் துறந்தவர், ஏழையின் உப்புக்காக நடந்தது வரலாற்றின் விந்தை! 1947-இல், எழுபத்தேழு வயதில், கலவரத்தால் புண்பட்ட நவகாளியில் செருப்பின்றி ஊர் ஊராக நடந்தார்.

உயர் இரத்த அழுத்தம்

இத்தகைய ஒழுக்கத்தில் வாழ்ந்தவருக்கு நோயே வரவில்லை என்று எண்ணினால் அது தவறு. 1937 அக்டோபர் 26-இல் அவருடைய இரத்த அழுத்தம் 194/130. 1940 பிப்ரவரி 19-இல் 220/110. இயல்பான அளவு 120/80-ஐ ஒட்டியது என்பதை நினைவிற் கொண்டால் இதன் கடுமை விளங்கும். 1937 டிசம்பரில் பம்பாய் ஜுஹு கடற்கரையில் ஓய்வு கொண்டார். நெற்றியில் ஈரமண் பட்டி, எளிய உணவு, திங்கட்கிழமை மௌனம் ஆகியவை அவர் கடைப்பிடித்தவை. அதே நேரத்தில் மருத்துவர்கள் அழுத்தத்தை அளந்து குறித்துவரவும் இசைந்தார்.

1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி ஏற்பட்டபோது புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவரின் அறுவைக்கும் உடன்பட்டார். இயற்கை மருத்துவத்தை நேசித்தாரே தவிர, அதற்காக உயிரைப் பணயம் வைக்கவில்லை.

ஆகாகான் மாளிகை

1942 ஆகஸ்டில் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டார். சிறைபுகுந்த ஆறாம் நாள், ஐம்பது வயதே ஆன அவர் செயலாளர் மகாதேவ தேசாய் மாரடைப்பால் மறைந்தார். அத்துயரினூடே அங்கேதான் உடல்நலம் பற்றிய நூலை எழுதி முடித்தார் அடிகள்.

பின்னர் அன்னையாரின் இதயமும் தளர்ந்தது, நிமோனியாவும் சேர்ந்தது. உடன் சிறையிருந்த இதய நிபுணர் டாக்டர் கில்டர், டாக்டர் சுசீலா நய்யார், வெளியிலிருந்து வந்த இயற்கை மருத்துவர் தின்ஷா மேத்தா, ஆயுர்வேத வைத்தியர் என அனைவரும் முயன்றனர். இறுதியில் கல்கத்தாவிலிருந்து பெனிசிலின் வந்தது. கடைசி நேரத்தில் ஊசிகளால் துன்புறுத்த வேண்டா என அடிகள் தடுத்தார். 1944 பிப்ரவரி 22-இல் அன்னையார் மறைந்தார். அம்முடிவு சரியா என்று இன்றும் வாதிடுவோர் உளர். ஆனால் ஒன்று தெளிவு: இதயம் முற்றத் தளர்ந்தபின் மண்ணும் நீரும் அதை மீட்பதில்லை. இயற்கை மருத்துவத்தின் காலம் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னதாகும்.

உருளி காஞ்சன்

1946 மார்ச்சில் புனே அருகே உருளி காஞ்சன் என்னும் சிற்றூரில் ஏழைகளுக்கான இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். பொருட்செலவில்லாத மருத்துவமே ஏழைக்கு உரியது என்பது அவர் கொள்கை. அந்நிலையம் இன்றும் நடைபெறுகிறது. 1948 ஜனவரி 30-இல், எழுபத்தெட்டாம் வயதில், அடிகளின் இதயத்தை நிறுத்தியது நோயன்று, துப்பாக்கிக் குண்டு.

நாம் செய்ய வேண்டுவன

எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகளில் பகலெல்லாம் உழைப்போர்க்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. கேழ்வரகும் கம்பும் அவர்கள் வீட்டு உணவு. அத்தகைய வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலர், நாளை நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கப் போகிறோம். படிப்பு அவர்களின் வறுமையிலிருந்து நம்மை விடுவிக்கட்டும். அவர்களின் நடையிலிருந்தும் உணவிலிருந்தும் பிரித்துவிட வேண்டா.

நாள்தோறும் அரைமணி நேரம் நடப்போம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை அளவோடு கொள்வோம். பீடியையும் சிகரெட்டையும் அறவே தவிர்ப்போம். பெற்றோரை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தம் பார்ப்போம். மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவிடோம். நெஞ்சுவலி கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காலம் தாழ்த்தாமல் 108-ஐ அழைப்போம்.

அண்ணலின் வழியில் உடலைக் காத்து, உற்றாரையும் காப்போமாக!