ஒரே மைதானத்தில் 41 ஆண்டுகள்

கல்லூரிக் குழு ஒன்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தோற்றுவிட்டாற் போதும். பயிற்றுநரை மாற்ற வேண்டும் என்ற குரல் எழுந்துவிடும். பழைய மாணவர் முணுமுணுப்பர், நிர்வாகமும் அசையும். விதைத்த மறுநாளே கதிரறுக்க நிற்கும் அவசரம் இது. இந்த அவசரத்துக்கு இடங்கொடாத ஒரு பல்கலைக்கழகத்தினாலேயே அமொஸ் அலொன்சோ ஸ்ராக் என்ற பெயர் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் நிலைத்தது.

1862 ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்தில், செருப்புத் தைக்கும் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் ஸ்ராக். போதகராகும் எண்ணத்துடன் யேல் பல்கலைக்கழகம் சென்றார். சபை நடுவே நின்று பேசும் வன்மை தமக்கில்லை என்று கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். பிரசங்க மேடை கிட்டாதபோதும் இளைஞரை நல்வழிப்படுத்தும் ஆவல் தணியவில்லை. மைதானத்தையே தம் பணித்தளமாகக் கொண்டார்.

யேலில் அவருக்குக் கற்பித்த வில்லியம் ஹார்ப்பர், புதிதாக எழுந்த சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானபோது தம் மாணவரை மறக்கவில்லை. 1892 இல் ஸ்ராக்கை அழைத்து, உடற்பயிற்சித் துறையை ஒப்படைத்து, பேராசிரியர் வரிசையில் நிரந்தரப் பதவியும் வழங்கினார். அக்காலத்தில் பயிற்றுநர் என்போர் ஒரு பருவத்துக்கு வந்து போகும் கூலியாட்களாகவே இருந்தனர். தோல்வி கண்டாலும் வேலை போகாது என்ற உறுதி அவர்களுள் எவருக்கும் கிடைத்ததில்லை.

அவர் பயிற்றிய அமெரிக்க உதைபந்தாட்டம், பந்தைக் கையிலேந்தி ஓடும், றக்பியை ஒத்த ஆட்டம். முதலாம் ஆண்டில் ஆட்கள் போதாமையால் ஸ்ராக் தாமே களத்தில் இறங்கினார். பிராந்தியச் சம்பியன் பட்டம் 1899 இல், அவரது எட்டாவது பருவத்திலேதான் கிட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஹார்ப்பர் அவரை அகற்ற எண்ணவில்லை. பலன் பின்னர் தெரிந்தது. 1905 இல், 56 ஆட்டங்களில் தோல்வியே அறியாதிருந்த மிச்சிக்கன் குழுவைச் சிக்காகோ 2-0 என வென்றது. 1924 வரையில் மொத்தம் ஏழு பட்டங்கள் வந்தன.

அவர் மது அருந்தார், புகை பிடியார். கோபம் எல்லை கடந்தால் அவர் வாயில் வரும் மிகக் கடுமையான சொல் கழுதை என்பதே. அவரிடம் பயின்ற ஜெசி ஹார்ப்பர் பின்னாளில் நொத்ரடாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரானார். புகழ்பெற்ற நூட் றொக்னி அந்த ஹார்ப்பரிடம் பயின்றவர். அவருக்குப் பின் அப்பதவியை ஏற்றவர். ஆசானின் விளைச்சல் பிறர் களஞ்சியத்தையும் நிரப்பியது.

1924 க்குப் பின் பட்டம் இல்லை. ஏனைய பல்கலைக்கழகங்கள் வீரரைத் தேடித் தேடிச் சேர்த்தன. சிக்காகோவின் கவனமோ படிப்பின் பக்கம் திரும்பியது. 1932 இல் ஸ்ராக்குக்கு வயது 70. ஓய்வு விதியைக் காட்டி, அப்போதைய தலைவர் றொபேட் ஹச்சின்ஸ் அவரைப் பயிற்றுநர் பதவியிலிருந்து விலக்கினார். விதிப்படி அதில் தவறில்லை. ஆயினும் அடுத்து என்ன என்ற நீண்டகாலத் திட்டம் இருந்ததா?

நடந்ததைப் பாருங்கள். புதிய பயிற்றுநராகக் கிளார்க் ஷோனெசி வந்தார். ஏழு பருவங்கள் உழைத்தும் குழு எழவில்லை. 1939 இல் அதே மிச்சிக்கனிடம் 85-0 எனத் தோற்றது. அவ்வாண்டோடு பல்கலைக்கழகம் அந்த ஆட்டத்தையே கைவிட்டது. ஷோனெசி 1940 இல் ஸ்ரான்போர்ட் சென்று, முதற் பருவத்திலேயே எல்லா ஆட்டங்களிலும் வென்றார். குறை பயிற்றுநரிடம் இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய நிறுவனத்தின் மனத்திலேயே இருந்தது.

ஸ்ராக் சோர்ந்து வீட்டிலிருக்கவில்லை. 1933 இல் கலிபோர்ணியாவிலுள்ள சிறிய பசுபிக் கல்லூரிக்குச் சென்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1938 இல் அக்குழுவுடன் சிக்காகோ வந்து, தம் பெயரையே தாங்கிய மைதானத்தில் 32-0 என வென்றார். 1943 இல், 81 வயதில், அந்நாட்டின் ஆண்டின் சிறந்த கல்லூரிப் பயிற்றுநராகத் தெரிவானார். பின்னர் தம் மகனுக்கு உதவியாளராகவும் பணியாற்றினார். 1965 இல், தமது 102 ஆவது வயதில் காலமானார்.

பொறுமை என்பது தோல்வியைக் கண்டும் காணாதிருப்பதன்று. நல்லவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குக் காலமும் கருவியும் கொடுத்து, அவருக்குப் பின் வருபவருக்கும் வழி சமைத்து வைப்பதே பொறுமை. ஹார்ப்பர் காலங் கொடுத்தார், கனி விளைந்தது. பின்வந்தோர் ஆளை மட்டும் மாற்றினர், மரமே பட்டுப்போயிற்று. ஒரு பருவத்துத் தோல்விக்காகப் பயிற்றுநரைக் குறைகூற வாயெடுக்குமுன், நாம் அவருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோமாக.