கடல் காத்த குஞ்ஞாலி மரைக்காயர்

குமுளி மலை ஏறினால் மரந்தோறும் மிளகுக்கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த நமக்கு மிளகு வெறும் கடைச்சரக்கு. அந்தக் கருமணிக்காக அரபிக்கடல் ஒரு காலத்தில் குருதியால் சிவந்தது என்றால் வியப்பாக இல்லையா? அப்போரில் அழியாப் புகழ் பெற்றவர் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர். இயற்பெயர் முகமது அலி.

1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். மிளகு ஏற்றிய கப்பல் லிஸ்பன் சேர்ந்தால் அது பொற்குவியலுக்குச் சமம். ஆனால் போர்த்துக்கீசியர் வாணிபத்தோடு நிற்கவில்லை. கடலே தமக்குச் சொந்தம் என்றனர். தாம் தரும் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைப் பிடித்தனர். செங்கடல் துறைகளில் மிளகை விற்றுப் பொன்னும் வெள்ளியுமாகத் திரும்பிய மரக்கலங்கள் அவர்களுக்கு இரையாயின. 1502-ல் மெக்கா யாத்திரிகர்கள் நிறைந்த கப்பலொன்றை வாஸ்கோடகாமா எரித்த கொடுமையும் நடந்தது.

கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னர்கள் இந்துக்கள். அவர்களது கடற்படைத் தலைவர்கள் முஸ்லிம்கள். குஞ்ஞாலி மரைக்காயர் என்பது அத்தலைவருக்கு மன்னர் அளித்த பட்டம். நால்வர் வழிவழியாக அப்பட்டம் தாங்கிப் போரிட்டனர். 1538-ல் நம் தமிழகக் கரையில், மண்டபத்தை அடுத்த வேதாளையிலும் மரைக்காயர் படை போரிட்டுத் தோற்றது. தோற்றும் அது ஓயவில்லை.

போர்த்துக்கீசியக் கப்பல்கள் மலை போன்றவை, பீரங்கிகள் நிறைந்தவை. ஆனால் அவற்றுக்குக் காற்றும் வேண்டும், ஆழமும் வேண்டும். மரைக்காயரின் படகுகளோ சிறியவை. பாயோடு துடுப்பும் உண்டாதலால் காற்று நின்றாலும் நகரும். கழிமுகத்தில் மறைந்திருந்து கூட்டமாகப் பாய்ந்து தாக்கும்; ஆழமற்ற நீருக்குள் விரைந்து மறையும். விஞ்ஞான மாணவர்களாகிய நாம் எண்ணி மகிழத்தக்க தந்திரம் இது!

1595-ல் மூன்றாம் குஞ்ஞாலி மறைந்ததும் அவர் மருமகனான முகமது அலி தலைவரானார். வடகரைக்கு அருகே கோட்டக்கல்லில் ஆற்றுமுகத்திலிருந்த கோட்டையை மேலும் வலுப்படுத்தினார். புகழ் ஓங்க ஓங்க, தம்மை ஓர் அரசராகவே எண்ணலானார். மன்னர் சினங்கொண்டார். பகைவர் இந்தப் பிளவுக்காகவே காத்திருந்தனர். ஒரு நூற்றாண்டு எதிர்த்த போர்த்துக்கீசியரோடு சாமூதிரியே கைகோத்தார்!

1599-ல் கடல்வழி அவர்களும் நிலவழி மன்னரும் தாக்கினர். கோட்டை அசையவில்லை, போர்த்துக்கீசியர் பெருஞ்சேதத்துடன் பின்வாங்கினர். 1600-ல் ஆந்த்ரே ஃபுர்த்தாதோ தலைமையில் மீண்டும் முற்றுகை. வேறு வழியின்றி, உயிருக்குத் தீங்கில்லை என்ற மன்னரின் உறுதியை நம்பி மரைக்காயர் வாளை அவரிடம் ஒப்படைத்தார். அக்கணமே போர்த்துக்கீசியர் அவரைப் பற்றினர். கோவாவில் தோழர்களோடு அவர் கொல்லப்பட்டார். அவரது தலை உப்பிடப்பட்டுக் கண்ணூரில் மக்கள் காண வைக்கப்பட்டது. கோட்டையும் தரைமட்டமாயிற்று.

இன்று மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று குஞ்ஞாலி என்ற பெயர் தாங்கி நிற்கிறது. 2000-ல் அவர் நினைவாக அஞ்சல்தலையும் வெளியாயிற்று. ஆனால் அவரோடு துடுப்பு வலித்தவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்த எனக்கு அவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

மாணவ நண்பர்களே! பீரங்கியால் வெல்ல முடியாத வீரனைப் பிணக்கு வென்றது. தலைவனுக்குச் செருக்கும் மன்னனுக்குச் சினமும் மிகுந்தபோது கடலே கைவிட்டுப் போயிற்று. மன்னனும் மாலுமியும் மதம் பாராது ஒன்றி நின்ற காலம்வரை அக்கடல் நம்முடையதாக இருந்தது. இதை நாம் மறவாதிருப்போம்!