சலவைத் தொட்டியிலிருந்து எழுந்த சாரா

முடி கொட்டுவதெல்லாம் ஒரு துன்பமா என்று கேட்பவர்கள் உண்டு. பசி, பிணி, கடன் என்று எத்தனையோ பெருந்துன்பங்கள் இருக்கையில் கூந்தலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நகைப்பவர்களும் உண்டு. அவர்கள் நம் ஊர்ப்பக்கத்தில் சுருட்டை முடியோடு பிறந்த ஒரு பெண்ணைக் கேட்டுப் பார்க்கட்டும். பரட்டை, தேங்காய் நார், குருவிக்கூடு என்று பள்ளி நாள் முதல் பட்டப்பெயர் கேட்டுக் கேட்டு, வகுப்பில் கடைசி வரிசையைத் தேடி உட்காரும் பெண்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களை எண்ணியே, தம் கூந்தலை இழந்து, அதை மீட்டு, அந்த மீட்சியையே ஆயிரக்கணக்கான பெண்களின் பிழைப்பாகவும் ஆக்கிக் காட்டிய மேடம் சி. ஜே. வாக்கர் அம்மையாரின் வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் லூசியானா என்றொரு மாநிலம். அங்கே டெல்டா என்னும் சிற்றூருக்கு அருகில் ஒரு பருத்தித் தோட்டத்தில் 1867 டிசம்பர் 23-ஆம் நாள் சாரா பிரீட்லவ் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஓவனும் மினர்வாவும் அந்தத் தோட்டத்திலேயே அடிமைகளாக உழன்றவர்கள். அடிமைத்தளை அறுந்த பின் அக்குடும்பத்தில் பிறந்த முதல் குழந்தை சாரா. பிறப்பில் விடுதலை கிடைத்தது, வாழ்வில் கிடைத்ததா? ஏழு வயதிலேயே தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அக்காள் வீட்டில் அடைக்கலம் புகுந்தால், அங்கே அக்காள் கணவரின் கொடுமை. அதிலிருந்து தப்பிக்கவே 14 வயதில் மணம் செய்துகொண்டார். 17 வயதில் லீலியா என்ற பெண் குழந்தைக்குத் தாய். 20 வயதில் கைம்பெண்.

கைக்குழந்தையோடு அவர் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். அங்கே அவருடைய அண்ணன்மார் முடிதிருத்தும் தொழில் செய்துவந்தனர். சாராவுக்குக் கிடைத்ததோ துணி வெளுக்கும் வேலை. ஒரு நாள் முழுதும் சலவைத் தொட்டியின்மேல் குனிந்து நின்றால் கூலி ஏறக்குறைய 1.50 டாலர். பருத்தி எடுத்துக் காய்த்துப்போன கைகள் இப்போது காரத்தில் வெந்தன. அப்படிச் சேர்த்த காசில்தான் மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். இந்த ஒரு செய்திக்காகவே அவருடைய படத்தை ஒவ்வொரு கல்லூரியிலும் மாட்டலாம் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய தலை நோய்வாய்ப்பட்டது. உச்சந்தலையில் அரிப்பு, பொடுகு, புண். பின் கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்கிவிடும். சுருட்டை முடியிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு நின்றுவிடும். ஆகவே சுருட்டை முடி இயல்பிலேயே வறண்டது. வளைவுகளில் எளிதில் ஒடிவது. காய்ந்த தலையை வெடுக்கென்று சீவினால் பாதி முடி சீப்போடு வந்துவிடும். அக்காலத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்களின் வீட்டில் குழாய் நீர் கிடையாது. தலைக்குக் குளிப்பது அரிதாகவே நடந்தது. குளித்தாலும், துணிக்குப் போடும் அதே காரச் சோப்புத்தான் தலைக்கும். காரம் முடியின் மேற்செதிலைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஈரப்பசையைப் போக்கிவிடும். போதாக்குறைக்கு அரைவயிற்று உணவும் ஓயாத கவலையும். எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, அரப்பும் சீயக்காயும் போட்டுக் குளித்த நம் பாட்டிமாரின் வழக்கத்தில் எத்தனை அறிவு அடங்கியிருந்தது என்பது இதைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று நம்மில் பலர் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் தலையை அலசி, அதன்மேல் சூடான இரும்பை வைத்து இழுத்து, பிறகு முடி கொட்டுகிறதே என்று அழுகிறோம்.

வெள்ளைத் துணியைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் ஊரார்க்கு உடுத்தக் கொடுத்த சாரா, தம் தலையைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தார். மாதா கோயிலுக்கு வரும் படித்த பெண்களின் எடுப்பான தோற்றத்தைப் பார்த்துப் பார்த்துக் கூசினார்.

குணம் எங்கிருந்து வந்தது? கனவில் ஒரு பெரியவர் தோன்றி மருந்து சொன்னதாக அம்மையார் பிற்காலத்தில் கூறிவந்தார். கனவைக் கனவு கண்டவரிடமே விட்டுவிடுவோம். செயின்ட் லூயிஸில் ஆனி டர்ன்போ என்ற கறுப்பினப் பெண்மணி, தாமே செய்த கூந்தல் மருந்தை வீடு வீடாக விற்றுவந்தார் என்பதும், சாரா அவரிடம் விற்பனையாளராகச் சேர்ந்தார் என்பதும் வரலாறு. இந்தக் கடனைப் பிற்காலத்தில் அம்மையார் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனி அம்மையாருக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. அது நியாயமான மனத்தாங்கல்தான்.

1905-இல் சாரா டென்வர் நகருக்குக் குடியேறினார். சமையல் வேலை செய்துகொண்டே தம் சொந்தக் களிம்பைத் தயாரித்தார். 1906-இல் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்ற விளம்பரத் தொழில் அறிந்தவரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் ஆனார். களிம்பில் இருந்தது என்ன? கந்தகம், தேன்மெழுகு, பெட்ரோலியப் பசை, தேங்காய் எண்ணெய், வாசனைக்குக் கொஞ்சம் வயலட் பூவின் மணம். கந்தகம் தலைப்புண்ணுக்கு உலகமெங்கும் பழைய மருந்து. மந்திரம் களிம்பில் மட்டும் இல்லை, முறையில் இருந்தது. தலையை அடிக்கடி, காரமில்லாத பொருளால் கழுவ வேண்டும்; தோலைத் தேய்த்துவிட வேண்டும்; மருந்திட வேண்டும்; பொறுத்திருக்க வேண்டும். முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும். தோள்வரை வருவதற்கு ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்தவர்க்கே அந்தப் பொறுமையின் பெருமை விளங்கும்.

அவருடைய விளம்பரத்தைக் கவனியுங்கள். யாரோ ஓர் அழகியின் படத்தை அவர் போடவில்லை. குட்டை முடியோடு இருந்த தம் பழைய படத்தையும், நீண்ட கூந்தலோடு கூடிய புதிய படத்தையும் சேர்த்துப் போட்டார். ஒளித்து மூடிய தலையையே ஊரறியக் காட்டும் துணிவு வந்துவிட்டது! மருந்தைப் பார்க்க வந்த பெண்கள் அந்தத் துணிவையும் பார்த்திருப்பார்கள்.

சூடாக்கிய சீப்பால் முடியை நீவும் பழக்கத்தைப் பரப்பியவர் அவர் என்றும், அதனால் கறுப்பினப் பெண்களைத் தம் இயற்கையான முடிக்கு வெட்கப்பட வைத்தார் என்றும் ஒரு குற்றச்சாட்டு அன்று முதல் உண்டு. அந்தச் சீப்பைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். ஆனால் அவருடைய முறையில் அது இடம்பெற்றிருந்தது உண்மை. முடியை நிமிர்த்துபவர் என்று தம்மை அழைப்பதை அவர் விரும்பவில்லை. கூந்தலை நலமாக வளர்ப்பதே தம் தொழில் என்றார். தோலை வெளுக்க வைக்கும் களிம்பை அவர் உயிரோடு இருந்தவரை விற்கவுமில்லை. எனினும் சீப்பு சீப்புதான். இவ்விடத்தில் என் மனம் முழுதாக அவர் பக்கம் சாயவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அடுத்து வருவது என்னைக் கட்டிப்போட்டது. 1910-இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை எழுந்தது. 1912-இல் சிகாகோவில் கறுப்பின வணிகர் மாநாடு கூடியது. தலைமை, பெரும் புகழ் பெற்ற புக்கர் டி. வாஷிங்டன். கூந்தல் மருந்து விற்கும் பெண்ணுக்கு மேடையில் என்ன வேலை என்று அவர் எண்ணினாரோ என்னவோ, பேச வாய்ப்புத் தரவில்லை. மற்றவர் பரிந்துரைத்தும் கேட்கவில்லை. கடைசி நாளில் அம்மையார் தாமாகவே எழுந்து நின்றார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து அடுக்களைக்கும், அதிலிருந்து தம் சொந்த முயற்சியால் தம் சொந்த நிலத்தில் தம் சொந்தத் தொழிற்சாலைக்கும் வந்த கதையை அவையோர்க்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு அதே மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்.

அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் கையில் மருந்துப் பெட்டியோடு நாடெங்கும் சென்றார்கள். அடுக்களையும் சலவைத் தொட்டியும் தவிர வேறு பிழைப்பு அறியாதவர்கள் சொந்தக் காசில் வீடு வாங்கினார்கள். 1917-இல் பிலடெல்பியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட விற்பனைப் பெண்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். மிகுதியாக விற்றவர்களுக்கு மட்டுமன்றி, மிகுதியாக அறம் செய்தவர்களுக்கும் பரிசு! கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அம்மாநாடு குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பியது. தலையை நிமிர்த்தி நடக்கக் கற்றவர்கள் அடுத்துச் செய்த வேலை அது.

நியூயார்க்குக்கு அருகே ஹட்சன் ஆற்றங்கரையில், ராக்பெல்லர் போன்ற செல்வர்கள் வாழ்ந்த வட்டாரத்தில், வெர்ட்னர் டாண்டி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞரைக் கொண்டே ஒரு மாளிகை கட்டினார். 1918-இல் அதில் குடிபுகுந்தார். ஓராண்டு கூட நிலையாக வாழக் கொடுத்து வைக்கவில்லை. குருதி அழுத்தமும் சிறுநீரக நோயும் முற்றி, 1919 மே 25-ஆம் நாள் தம் 51-ஆம் வயதில் அம்மாளிகையிலேயே மறைந்தார். அந்தக் கும்பற்கொலைகளை எதிர்த்துப் போராடும் நிதிக்கு 5,000 டாலர் தந்ததும் அந்த ஆண்டில்தான். நிறுவனத்தின் வருங்கால நிகர ஆதாயத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிக்கு என்று உயில் எழுதியிருந்தார். சலவைக் காசில் படித்த மகள்தான் அந்த நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். 1927-இல் இண்டியானாபொலிஸில் அம்மையார் பெயரால் ஒரு பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. தொழிற்சாலையோடு திரையரங்கும் அழகுக்கலைப் பள்ளியும் அதில் இருந்தன. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது.