மூவிழை கண்ட அறிஞர்

எறணாகுளத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்த ஜி.என். இராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அந்நாளில் விளங்காப் புதிராக இருந்தது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெற்ற மாதிரிகளை அவர் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிய வடிவமே கொலாஜன் என, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1955இல் விளக்கினார்.

அம்மாதிரியில் அணுக்கள் அளவுக்குமீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக் முதலியோர் குறைகூறினர். இராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை, அணுக்கள் எவ்வளவு நெருங்க இயலும் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதன் விளைவாக 1963இல் வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டே புரத வடிவங்கள் இன்றும் சரிபார்க்கப்படுகின்றன.

கொலாஜனைச் சூடாக்கினால் இழைகள் பிரியும். குளிர்ந்ததும் ஆங்காங்கே மீண்டும் முறுக்கி, நீரைத் தாங்கும் வலையாகும். ஜெலட்டின் ஜெல்களுக்கு அம்முறுக்கே அடிப்படை. அவர் 2001இல் மறைந்தார்.